அப்பாவிடம் கேட்ட ஒன்ஸ்மோர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் அதிகமாகச் சொன்ன சொல் "அம்மா"வும் இல்லை, "ஆமென்"னும் இல்லை. "ஒன்ஸ்மோர்"தான். கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிலும் இத்தனை வருடங்களில் நான் எடுத்த கல்யாணங்களில் மோதிரம் போட்டது, கேக் ஊட்டியது, மாலை மாற்றியது எல்லாமே குறைந்தது இரண்டு தடவை நடந்திருக்கின்றன. (மாமியார் சிரித்தது மட்டும் நாலைந்து தடவை. முதல் மூன்றில் பல்லே தெரியாது.)

படித்த நண்பர் ஒருவர் ஒரு வேடிக்கை சொன்னார். பாட்டோ நாட்டியமோ பிடித்துப்போய் இன்னொரு தடவை கேட்க வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் இப்படிக் கத்த மாட்டானாம். அதற்கென்று பிரெஞ்சுக்காரனிடமிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்திருக்கிறானாம். பிரெஞ்சுக்காரனோ அதைச் சொல்லாமல் வேறு எதையோ கத்துவானாம். நாம்தான் வெள்ளைக்காரனின் இரண்டு சொற்களை எடுத்து, நடுவில் இடைவெளி விடாமல் ஒட்டி, நம் சொந்தச் சொல்லாக ஆக்கிக்கொண்டோம். "இன்னொரு முறை" என்று நல்ல தமிழ் இருக்கிறது. ஆனால் அதை விசிலோடு சேர்த்துக் கத்த முடியாது.

நம் ஊரில் அது நாடகக் கொட்டகையில் வளர்ந்த சொல். பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் ஒன்ஸ்மோர் என்று கத்தும். பாடியவர் மறுபடி பாடியே ஆக வேண்டும், முடியாது என்பது மரியாதையில்லை. எங்கள் கோயில் திருவிழா நாடகத்தில் ஒரு தடவை வேதசாட்சியாக நடித்தவர் தலை வெட்டுப்பட்டு விழுந்த அழகில் கூட்டம் மயங்கிப்போய் ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டது. அவர் எழுந்து, அங்கியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கழுத்தை மறுபடி நீட்டினார். வெட்டியவர்தான் பாவம், கத்தியை உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தார்.

எங்கள் தொழிலுக்கு வந்ததும் இந்தச் சொல் ஆள் மாறிவிட்டது. நாடகத்தில் பார்க்கிறவர் கேட்டார், நன்றாக இருந்ததால் கேட்டார். கல்யாணத்தில் எடுக்கிறவன் கேட்கிறான், கோட்டைவிட்டதால் கேட்கிறான். ஆனால் கோட்டைவிட்டதாக எந்த வீடியோக்காரனும் சொல்ல மாட்டான். ஏதோ மாப்பிள்ளை சரியாகத் தாலி கட்டாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "ஒன்ஸ்மோர் சார்" என்பான். மாப்பிள்ளையும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி செய்வார். நானும் அப்படி நூறு பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒரு துளி வெட்கப்பட்டதில்லை. ஒரே ஒருவரிடம் கேட்டது மட்டும் இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது. அவர் என் அப்பா.

அப்பா பெயர் சூசைமாணிக்கம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பஸ் டிரைவர். காலை ஷிப்டுக்குப் போகிற ஆட்களைத் திண்டுக்கல்லில் ஏற்றிக்கொண்டு போய் மில்லில் விடுவது அவர் வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு ஹாரன் அடிப்பார். ஒன்றே ஒன்று. அதற்குள் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. தூக்குச்சட்டியோடு ஓடி வந்த பெண்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனவர் என்று மில்லில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. (பெயர் என்னவென்று இங்கே எழுத முடியாது.)

வீட்டிலும் அப்படித்தான். எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார், செய்ய மாட்டார். வெஞ்சனத்தில் உப்புக் குறைந்தால் "உப்பு" என்பார். அம்மா காதில் விழாவிட்டால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவார். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கோட் அடித்து ஃபெயிலானபோது "சரி" என்றார். அந்த ஒரு "சரி"யில் நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஜெபமாலையில் வரும் ஐம்பத்து மூன்று "அருள் நிறைந்த மரியே" மட்டும்தான். அதையும் மாதாவுக்காகப் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு ஒரே அக்கா, ஜெசிந்தா. ஆறு வயது மூத்தவள். அவள் பெரிய பிள்ளையான பிறகு அப்பா அவளிடம் பேசியது "சாப்டியா", "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்ற இரண்டு வாக்கியங்கள்தான். அவளுக்கு வடமதுரையில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் அருள்ராஜைப் பேசி முடித்தார்கள். அருமையான மனுஷன். பின்னால் வரும் சங்கதிகளையெல்லாம் தாங்கிக்கொண்டதிலிருந்தே அது தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வருடம் வயர் சுருட்டியிருந்தேன். ஞானஸ்நானம், புதுநன்மை, சடங்கு என்று சின்ன விசேஷங்களைத் தனியாக எடுக்க விட்டிருந்தார்கள். கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய கேமராவை நானே வாங்கியிருந்தேன். அக்கா கல்யாணத்தை நான்தான் எடுப்பேன் என்று வீட்டில் அடம்பிடித்தேன். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. சவரம் பழக அக்கா கல்யாணம்தான் கிடைத்ததா என்று கேட்டாள். சித்தப்பா சிரித்தார். ஸ்டுடியோ முதலாளியையே கூப்பிட்டுவிடலாம் என்று பேச்சு முடிகிற நேரத்தில் அப்பா பேப்பரை மடித்தார்.

"அவனே எடுக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த "சரி"க்குப் பிறகு அப்பா என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. இந்தப் பையன் தேறுவான் என்று இந்த உலகத்தில் ஒருவர் நம்புகிறார், அதுவும் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாத ஒருவர். இந்த ஒரு வேலையில் மட்டும் அவர் தலை குனியக் கூடாது என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

கல்யாணத்தன்று பத்துப் பன்னிரண்டு பை வைத்த ஒரு கோட்டு மாட்டிக்கொண்டேன். கேமராமேன்கள் அப்படித்தான் போடுவார்கள் என்று எண்ணம். (ஒரு பையில் கைக்குட்டை இருந்தது. மற்றவை காலி.) பூசையில் மோதிரம் போடும்போது நான் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் ஒன்ஸ்மோர் கேட்டேன். மச்சான் சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டார். ஃபாதர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, இது திருவருட்சாதனம்ப்பா, ஷூட்டிங் இல்லை என்று மைக்கிலேயே சொன்னார். கோயிலே சிரித்தது. நான் புகழ் பெற ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒரே ஒரு சிவப்புப் பட்டன். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். ஓடும்போது திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டால் போதும். பார்க்காவிட்டால் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பில் கோட் அடித்தேன்.

மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு பிரியாணி. முதல் பந்தியை எடுத்துவிட்டு, பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் சாப்பிட உட்கார்ந்தேன். நிறுத்தியதாக நினைத்தேன். விரலில் நெய் இருந்ததோ என்னவோ, பட்டன் அமுங்கவில்லை. கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் எடுக்க வேண்டுமென்று அமுக்கியபோதெல்லாம் நின்றது. நிறுத்தியதாக நினைத்துத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தபோதெல்லாம் ஓடியது.

நான்கு மணிக்குப் பெண்ணை அனுப்பும் நேரம். மண்டப வாசலில் பூ ஒட்டிய கார் நின்றது. வடமதுரைக்குத் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்க வேண்டி வரும். ஆனால் எங்கள் ஜனம் அழுத அழுகையைப் பார்த்திருந்தால் அக்கா கப்பலேறப் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அம்மா அழுதாள், சித்தி அழுதாள், அக்காவோடு ஒன்றாம் வகுப்பு படித்த யாரோ ஒருத்தி அழுதாள். அப்பா மட்டும் கூட்டத்தில் இல்லை. காரைச் சுற்றி வந்து டயரை ஒவ்வொன்றாக உதைத்துக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கூப்பிட்ட பிறகு வந்தார். அக்கா அவர் தோளில் விழுந்தாள். அப்பா இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு செத்த நேரம் அப்படியே நின்றார். பிறகு ஏதோ உடைந்தது மாதிரி அவளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பேண்டு வாசித்தவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அவள் காதில் அப்பா என்னவோ சொன்னார், நீளமாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள். நான் இரண்டடி தள்ளி நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணிலும் தண்ணீர் நிறைந்து திரையே மங்கலாகத்தான் தெரிந்தது. இதுதான் என் வாழ்க்கையின் சிறந்த ஷாட் என்று அந்த அழுகையிலும் நினைத்தேன்.

அக்கா காரில் ஏறினாள். கதவைச் சாத்தினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்துவதற்காகப் பட்டனை அமுக்கினேன். திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வந்தது.

அப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது.

எதையும் ஒரு தடவைதான் செய்கிற மனுஷன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அழுதார். அது எங்கேயும் இல்லை. அவனே எடுக்கட்டும் என்று சொன்னவரின் அழுகையை நான் விட்டுவிட்டேன். காரின் இன்ஜின் உறுமியது. மூளை என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால் வாய் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டது.

"ஒன்ஸ்மோர்."

காரின் முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா தலையை நீட்டி, ஏறின வண்டியைவிட்டுப் பெண் இறங்குகிற வழக்கம் தங்கள் பக்கம் கிடையாது என்றார். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அம்மா பார்த்த பார்வையை என்னால் வர்ணிக்க முடியாது. கேமராவைக் கீழே போட்டுவிட்டு ரயிலடிப் பக்கம் ஓடிவிடலாமா என்று யோசித்தேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்த என் விரலைப் பார்த்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அஞ்சே நிமிசம் மதினி."

ஓடி வருகிற ஆளுக்காக அரை நிமிடம் நிற்காதவர், ஐந்து நிமிடம் கெஞ்சிக் கேட்டார். பெரியம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்பா பின்கதவைத் திறந்து, "எறங்கு பாப்பா" என்றார்.

அக்கா இறங்கினாள். அப்பா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது மாதிரி நேராகக் கேமராவைப் பார்த்தார். "போய்ட்டு வாம்மா" என்றார். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் கூட இதைவிடப் பாசமாக வாசிப்பார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷனாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் பன்னிரண்டு பை வைத்த கோட்டு என்னை விடவில்லை. இது வேண்டாம்ப்பா, இன்னொரு ஒன்ஸ்மோர், முதலில் அழுத மாதிரியே அழுங்கள் என்று சொன்னேன். பெற்ற அப்பனைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்ன வாய் இதுதான்.

அப்பா முயன்றார். முகத்தைச் சுளித்துப் பார்த்தார். துண்டைக் கண்ணில் வைத்தார், வராத கண்ணீரைத் துடைத்தார். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு, குனிந்து, அவள் காதில் இரண்டு வாக்கியம் போல ஏதோ சொன்னார். அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த அடுத்த நொடியே அழ ஆரம்பித்தாள், முதல் தடவையைவிடப் பெரிதாக. சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்து அவளால் நிற்க முடியவில்லை, மச்சான்தான் பிடித்துக் காரில் ஏற்றினார். கார் கிளம்பும்போது பேண்டுக்காரர்களில் ஒருவர் ஒன்ஸ்மோர் என்று கத்த, வாசல் முழுக்க வெடித்துச் சிரித்தது. சிவப்புப் புள்ளி கடைசிவரை இருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மறுவீட்டுக்கு அக்காவும் மச்சானும் வந்தபோது, கூடவே பெரியம்மாவும் வந்திருந்தார். எடிட் பண்ணுவதற்கு முன்னால் போட்டுக் காட்டு என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் பெருமையாகக் கேமராவை டிவியில் சொருகினேன். பூசை வந்தது, பந்தி வந்தது. அப்புறம் என் செருப்பு வந்தது. நாற்பது நிமிடம் என் செருப்புதான். மண்டபத் தரை, மேசைக்கடியில் பூனை, எச்சில் இலைக் கூடை, மறுபடி செருப்பு. பின்னணியில் நான் பிரியாணி மெல்லுகிற சத்தம். அதோடு என் குரலும் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளையோட பெரியம்மா மூஞ்சியப் பாத்தியா, எலைல வெறும் எலும்பா விழுந்த மாதிரி இருக்கு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். அதற்காகவே அவரை எனக்கு அன்று முதல் பிடிக்கும். எங்கள் சொந்தத்தில் அந்தக் கேசட்டுக்குச் செருப்புப் படம் என்று பெயர். வடமதுரைப் பக்கம் இன்றும் என்னை பிரிட்டோ என்றால் யாருக்கும் தெரியாது, ஒன்ஸ்மோர் என்றால் கடை வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

ஆனால் அன்று வழியனுப்புகிற காட்சி வந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எப்போது கேமராவைத் தூக்கினாலும் அவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். என் கல்யாணத்தில்கூடக் குரூப் போட்டோ எடுக்கும்போது பந்தி பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டார். ஊர் முன்னால் அவரைக் கோமாளியாக்கிவிட்டேன், அந்தக் கோபம் அவருக்குப் போகவில்லை என்றுதான் நான் முடிவுகட்டியிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. அவர் ஒரு தடவை பேசி முடித்ததை மறுபடி எடுக்க மாட்டார் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு தள்ளிப்போட்டேன். ஊருக்கெல்லாம் வீடியோ எடுத்தவன் சொந்த அப்பாவை எடுக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, ஒரு காலையில் அப்பா மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று "வாரேன்" என்றார். நான் கம்ப்யூட்டரில் யார் வீட்டுக் கல்யாணத்தையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமல் "ம்" என்றேன். மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா, அவர் நடக்கிறதை, பேசுகிறதைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, உன்னிடம் இருக்குமே என்றாள். இத்தனை கல்யாணம் எடுத்தவனிடம் அப்பா நகர்கிற படமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். செருப்புப் படம். தேடி எடுத்துப் போட்டேன். செருப்பு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அப்பா வந்தார். தலையில் கை வைத்தார், செய்தி வாசித்தார், துண்டைக் கண்ணில் வைத்தார். குனிந்து அக்கா காதில் சொன்னார். கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அம்மா அக்காவைப் பார்த்து, அப்படி என்னதான் சொன்னார் அந்த மனுஷன் என்று கேட்டாள்.

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"மொத வாட்டி சொன்னது எனக்கு. அத யார்ட்டயும் சொல்ல மாட்டேன். இது இவனுக்குச் சொன்னது. 'தம்பிக்கு மொத வேல பாப்பா, பட்டன அமுக்க மறந்துட்டான் போல. எனக்கு இனி அழுக வரல, நீயாச்சும் செத்த அழுதுரு'ன்னாரு."

பிறகு ஏன் அன்றைக்கு எழுந்து போனார், ஏன் என் கேமரா பக்கமே வரவில்லை என்று மட்டும் கேட்டேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"அவருக்கு வெக்கம்டா. 'பய அம்புட்டு ஆசையா எடுத்தான், நான் நடிச்சுக் கெடுத்துப்புட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அன்று நான் அழுத அழுகையை யாராவது எடுத்திருந்தால் ஒன்ஸ்மோரே தேவைப்பட்டிருக்காது. இத்தனை வருடம் அவர் என் மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் ஒதுங்கியிருக்கிறேன். என் படத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அவர் ஒதுங்கியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில். அன்று காலை வாசலில் அவர் "வாரேன்" என்றபோது நான் திரும்பிப் பார்த்து ஒன்ஸ்மோர் என்று கேட்டிருந்தால், படியேறி வந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போயிருப்பார். எனக்காக ஏற்கெனவே ஒரு தடவை செய்தவர்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஒரே தடவையில் கிளம்ப முடிவதில்லை. அக்கா வடமதுரைக்குப் போகக் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் ஒன்ஸ்மோர் என்பேன். என் கையில் கேமரா இருக்காது. மச்சான் வண்டியை அணைப்பார், அக்கா இறங்கி வருவாள். அவள் பிள்ளைகளுக்கு இது என்ன கூத்து என்று முதலில் புரியவில்லை. இப்போது காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அவர்களே கேட்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. முகூர்த்த நாள் காலையில், நான் கேமராப் பையை மாட்டிக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டு, பைக்கைக் கிளப்பித் தெருமுனைக்குப் போகும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

"ஏலே, ஒன்ஸ்மோர்."

எத்தனை அவசரமானாலும் திரும்பி வந்து, ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றி, அடுப்படி வரைக்கும் போய், அவள் முகத்துக்கு நேராக நின்று "வாரேன்ம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இதனால் போன மாதம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதைத் தவறவிட்டேன். பரவாயில்லை, மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை கட்டச் சொல்லிக்கொண்டேன்.